கஞ்சித்தொட்டியும் கால்வாயும்: வட சென்னை கூறும் பஞ்ச வரலாறு

உலகின் ஏதேனும் ஒரு பகுதியில் மக்கள் பசியால் மடிகின்றனர் என்னும் செய்தி வரும்போதெல்லாம், மழை பொய்த்தது, மண் வறண்டது, மக்கள்தொகை பெருகியது என்னும் காரணங்களே முதலில் கூறப்படுகின்றன. இயற்கையின் சீற்றத்தை நாம் மறுப்பதற்கில்லை. ஆயினும் மழையின்மை வறட்சியை மட்டுமே உண்டாக்கும். அவ்வறட்சி பஞ்சமாக மாறுவதற்கு இடையில் மனிதர் எடுக்கும் முடிவுகள் பல உள்ளன. இவ்வுண்மையை அறிய நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நீளும் வட சென்னைக் கரையே இதற்குச் சான்று பகர்கிறது.

போர் விளைத்த பசி

ஸ்டான்லி மருத்துவமனைக்குக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்னும் பழம்பெயர் ஒன்றுண்டு. அப்பெயரின் பின்னே ஒரு போரும் ஒரு பஞ்சமும் இருக்கின்றன. 1780 ஜூலையில் ஹைதர் அலியின் படை ஆர்க்காட்டுச் சீமைக்குள் புகுந்தது. சென்னையைச் சூழ்ந்த ஊர்கள் எரியூட்டப்பட்டன, பயிர்கள் அழிக்கப்பட்டன, கால்நடைகள் ஓட்டிச் செல்லப்பட்டன. உயிர் தப்பியோர் கறுப்பர் நகரத்தில் வந்து குவிந்தனர். நிலவழி அடைபட்டதால் நகரம் கடல்வழி வரும் அரிசியையே நம்பியிருந்தது. பிரெஞ்சுக் கடற்படை அவ்வழியையும் அச்சுறுத்தியது. 1782 அக்டோபரில் வீசிய புயலில், அரிசி ஏற்றி வந்து கரைக்கு அப்பால் நங்கூரமிட்டிருந்த மரக்கலங்கள் பல அழிந்தன.

ஆங்கில ஆதிக்கத்தை எதிர்த்து நின்றவர் என்பதால் ஹைதர் அலியின் பெயர் நமக்கு உவப்பானது. அதன் பொருட்டு அவர் படை மூட்டிய தீயை மறைத்தல் நேர்மையாகாது. 1769இல் செய்த உடன்படிக்கையைக் கைவிட்டு அவரைப் பகைத்துக்கொண்டதும், போர் நெருங்கியபோதும் போதிய தானியம் சேர்க்காதிருந்ததும் கும்பெனியாரின் குற்றம். இவ்விரு தரப்பாரின் கணக்குகளுக்கு இடையில் பட்டினியால் இறந்தவர்கள் எத்தரப்பையும் சேராத உழவரும் நெசவாளரும் கூலிகளுமே ஆவர்.

அந்நாளில்தான் மணியக்காரர் சத்திரத்தில் பசித்தவர்க்குக் கஞ்சி வார்க்கப்பட்டது. 1799இல் கும்பெனியின் மருத்துவர் ஜான் அண்டர்வுட் அங்கே நோயாளிகளுக்கான விடுதி ஒன்றைத் தொடங்கினார். அவ்விடுதியே வளர்ந்து, 1930களில் ஆளுநர் ஸ்டான்லியின் பெயரைப் பெற்றது. ஒரு பெரும் மருத்துவமனை கஞ்சித் தொட்டியிலிருந்து பிறந்தது என்பது நம் கருத்தில் கொள்ளத்தக்கது.

தானியம் இருந்தும் பட்டினி

இதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1876இல், பருவமழைகள் பொய்த்தன. இம்முறை நாட்டில் போர் இல்லை, வழிகளும் அடைபடவில்லை. இராயபுரத்திலிருந்து 1856இல் தொடங்கிய இருப்புப்பாதை அதற்குள் உள்நாட்டு மாவட்டங்கள் பலவற்றை எட்டியிருந்தது. வங்காளத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பல்களில் வந்த அரிசி மூட்டைகள் மசூலாப் படகுகளில் சென்னைக் கரையில் இறங்கின. எனினும் விளைச்சல் இல்லாததால் வேலை இல்லை; வேலை இல்லாததால் கூலி இல்லை; தானிய விலையோ பன்மடங்காயிற்று. கண்ணெதிரே அரிசி கிடந்தும் அதை வாங்க இயலாதவர்கள் மாண்டனர். அதே ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து கோதுமை இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாகிக் கொண்டிருந்தது.

சென்னை அரசு முதலில் சுமார் 30,000 டன் தானியம் வாங்கியது. வாணிகத்தில் அரசு தலையிடலாகாது என்னும் கொள்கையில் ஊன்றி நின்ற வைஸ்ராய் லிட்டனின் அரசு இதைக் கண்டித்தது. 1877 ஜனவரியில் விக்டோரியா அரசியைப் பேரரசியாக அறிவிக்கும் விழா டில்லியில் நடந்தது. அம்மாதமே சர் ரிச்சர்டு டெம்பிள் பஞ்சச் செலவைக் குறைக்கத் தெற்கே அனுப்பப்பட்டார்.

இவர் 1874இல் பீகாரில் பர்மா அரிசியைத் தாராளமாக இறக்குமதி செய்து எண்ணற்ற உயிர்களைக் காத்தவர். அதற்காகவே ஊதாரி எனத் தூற்றப்பட்டவர். அப்பழியைத் துடைக்க எண்ணியவர் போல், கடுமையாக உழைக்கும் ஆணுக்கும் நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று விதித்தார். உதவி வேண்டுவோர் வீட்டை விட்டுத் தொலைவிலுள்ள பணித்தளங்களுக்குச் சென்று, தம் வறுமையை உடலுழைப்பால் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. இவ்வளவு சிறைக்கைதிக்குத் தரும் உணவினும் குறைவு என்று சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதிட்டார். 1877 மே மாதத்தில் சென்னை அரசு கூலியை உயர்த்துவதற்குள் எலும்புக்கூடுகளான மக்கள் கூட்டங்கூட்டமாகச் சாய்ந்திருந்தனர்.

எண்ணூரை நோக்கிச் செல்லும் பக்கிங்காம் கால்வாயும் இக்காலத்தின் நினைவுச் சின்னமே. 1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டப்பட்டுப் பின் வடக்கே நீண்ட பழைய கால்வாயைத் தென்பகுதிக் கால்வாயுடன் இணைக்க, கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடைப்பட்ட சுமார் 8 கிலோமீட்டர் தொலைவைப் பஞ்சத்தில் அடிபட்டோர் 1877-78இல் வெட்டினர். கால்வாய் முழுவதும் ஆளுநர் பக்கிங்காமின் பெயரைப் பெற்றது. வெட்டியவர் பெயர் எங்கும் இல்லை.

பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் இப்பஞ்சத்தில் 50 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர் என்று அரசின் பஞ்ச ஆணையமே 1880இல் கணக்கிட்டது. நாடு முழுவதையும் நோக்கின் உணவு போதிய அளவில் இருந்தது என்பதையும், மக்களுக்கு வேலையும் வாங்கும் ஆற்றலுமே இல்லாமற் போயின என்பதையும் அவ்வாணையம் ஒப்புக்கொண்டது. பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் 1981இல் விரிவாக நிறுவிய கருத்தின் வித்து அதிலேயே காணப்படுகிறது.

நாம் கொள்ள வேண்டிய படிப்பினை

இவ்விரு பஞ்சங்களின் காரணங்களும் இன்றும் உயிரோடிருக்கின்றன. சூடானில் 2023 ஏப்ரலில் மூண்ட உள்நாட்டுப் போரின் விளைவாக, 2024 ஆகஸ்டில் ஸம்ஸம் முகாமில் பஞ்சம் உறுதி செய்யப்பட்டது. அங்கே மோதிக்கொண்ட இரு படைகளும் கலிமா மொழிந்தவர்களின் படைகளே என்பதை நாம் வேதனையுடன் ஏற்றாக வேண்டும். 2025 ஆகஸ்டில் காஸா நகரப் பகுதியில் பஞ்சம் உறுதி செய்யப்பட்டபோது, உணவுப் பொருள்கள் எல்லைக்கு அப்பால் தேங்கிக் கிடந்தன. முன்னதில் 1782இன் எரிந்த ஊர்களையும், பின்னதில் தானியத்தின் அருகிலேயே மக்கள் மடிந்த 1877ஐயும் நாம் காண்கிறோம்.

தீர்வும் வரலாற்றிலேயே இருக்கிறது. செழிப்பான ஆண்டுகளில் தானியத்தைச் சேமித்து வறண்ட ஆண்டுகளில் பகிர்ந்த யூசுஃப் (அலை) அவர்களின் ஆட்சிமுறையை நாம் அறிவோம். ஹிஜ்ரி 18இல் மதீனா வறட்சியில் வாடியபோது கலீஃபா உமர் (ரலி) பிற பகுதிகளிலிருந்து தானியம் வருவித்தார். ஸகாத் வசூலை ஒத்திவைத்தார். மக்கள் பசி தீரும்வரை நெய்யைத் தாமும் உண்ண மறுத்தார். வந்தவர்களிடம் அவர் வறுமைக்குச் சான்று கேட்கவில்லை. பதுக்கலை மார்க்கம் பாவமென விலக்கியதன் நோக்கமும் இதுவே.

நம் மண்ணிலும் நல்ல முன்மாதிரி உண்டு. வட சென்னையைச் சேர்ந்த பிட்டி தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி 1920இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவளிக்கத் தொடங்கியது. பிற்காலத்தில் அனைவருக்குமான பொது விநியோகத் திட்டமும், 2013இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டமும் உணவை ஈகை என்னும் நிலையிலிருந்து உரிமை என்னும் நிலைக்கு உயர்த்தின.

ஆகவே முன்கூட்டிய சேமிப்பு, பதுக்கலுக்குத் தடை, போரிலும் அடைபடாத உணவு வழி, நிபந்தனையற்ற முதல் உதவி ஆகிய நான்குமே பஞ்சத்தைத் தடுக்கும் அரண்கள். ரமளானில் நம் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி வார்க்கும்போது, வரிசையில் நிற்பவர் யார் என்று நாம் கேட்பதில்லை. அரசுகளும் உலக அமைப்புகளும் பசித்தவரை அவ்வாறே நடத்த வேண்டும் என்று கேட்கும் கடமை நமக்கு உண்டு. பசியை விளைப்பவர் நம்மவராக இருப்பினும் அக்கடமை குறையாது.