பிள்ளைகளின் வாக்குமூலம்

வீடியோ விளையாட்டுக்களிலே சுடுவதையும் வெட்டுவதையும் பழகி இளைஞர் கெட்டுப்போகின்றனர் என்ற முறைப்பாடு இன்று வீடுதோறுங் கேட்கின்றது. இவ்வழக்குப் புதியதன்று. எழுபது ஆண்டுகளுக்கு முன்னர் அமெரிக்காவிலே இதே குற்றம் சித்திரக் கதைப் புத்தகங்களின் மீது சுமத்தப்பட்டது.

குற்றஞ் சாட்டியவர் பிரெட்ரிக் வேர்தம் என்னும் மனநோய் வைத்தியர். அவரை எளிதில் இகழ்ந்துவிட முடியாது. 1946ஆம் ஆண்டிலே நியூயோர்க் நகரின் ஹார்லெம் பகுதியில், சிகிச்சை பெற வேறு வழியற்ற கறுப்பின மக்களுக்கென ஒரு மனநல நிலையத்தைத் திறந்தார். கட்டணம் 25 சதமே. பாடசாலைகளை நிறவாரியாகப் பிரித்தல் பிள்ளைகளின் உள்ளத்தைப் புண்படுத்தும் என்று டெலவெயர் நீதிமன்றத்திலே சாட்சி சொன்னவரும் அவரே.

தம்மிடம் வந்த பிள்ளைகள் கொலையும் கொள்ளையும் மலிந்த சித்திரக் கதைகளைப் படிப்பதைக் கண்டார். படிப்பே அவர்களைக் கெடுத்தது என்று துணிந்தார். அந்நாளில் அவற்றைப் படியாத பிள்ளையைக் காண்பதே அரிது. காய்ச்சற்காரர் எல்லோரும் சோறு உண்டவர்களே. அதனாற் சோறு காய்ச்சலைத் தருமா?

அவரது நூல் 1954இல் வெளிவந்தது. அவ்வாண்டு ஏப்பிரல் 21ஆந் திகதி செனற் சபையின் உபகுழு முன்னிலையில் அவர் சாட்சியமளித்தார். அன்றே பதிப்பாளர் வில்லியம் கேன்ஸும் அழைக்கப்பட்டார். ஒரு கையிற் கோடரியும் மறு கையிற் பெண்ணொருத்தியின் வெட்டுண்ட தலையும் ஏந்திய மனிதனின் படமுள்ள அட்டையைக் காட்டி, இது நல்ல இரசனைதானா என்று செனற்றர் கீபோவர் வினவினார். பயங்கரக் கதைக்குரிய அட்டை என்றளவில் ஆம் என்றார் கேன்ஸ். அந்த விடை பதிப்பாளர்களுக்குப் பெருங் கேடாயிற்று. ஆண்டு முடியுமுன் அவர்கள் தாமே ஒரு தணிக்கை விதிக்கோவையை ஏற்றனர். மறுவருடம் பிரித்தானியாவில் இதற்கெனச் சட்டமே பிறந்தது.

1993இல் அதே செனற் சபை வீடியோ விளையாட்டுக்களை விசாரித்தது. மறுவருடம் அவற்றுக்கு வயதுத் தரம் வந்தது. சிறுவருக்கு அவற்றை விற்பதைத் தடுக்கக் கலிபோர்னியா இயற்றிய சட்டத்தை 2011இல் அமெரிக்க உயர் நீதிமன்றம், ஏழு நீதியரசர் ஒருபுறமும் இருவர் மறுபுறமுமாக நின்று, செல்லாததாக்கியது. அமெரிக்க உளவியற் சங்கம் 2020இல், இவ்விளையாட்டுக்களுக்கும் கத்துதல், தள்ளுதல் போன்ற முரட்டுத்தனத்துக்கும் சிறு தொடர்பு உண்டென்றும், கொடுஞ் செயல்களுக்கு அவையே காரணமெனப் போதிய சான்றில்லையென்றுங் கூறிற்று.

வேர்தம் 1981இல் மறைந்தார். அவருடைய குறிப்பேடுகள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்திலே 2010இல் ஆய்வாளருக்குத் திறக்கப்பட்டன. கரோல் டில்லி என்னும் பேராசிரியை அவற்றை நூலுடன் ஒப்பிட்டுத் தாம் கண்டதை 2012இல் வெளியிட்டார். இருவர் கூற்று ஒருவருடையதாக்கப்பட்டிருந்தது. ஒருவர் கூற்று இருவருக்குப் பங்கிடப்பட்டிருந்தது. பிள்ளைகளின் சொற்களே மாற்றப்பட்டிருந்தன. சண்டையிட்ட மாணவனின் வாக்குமூலத்தை எழுதும்பொழுது, நாம் எதிர்பார்த்த சொல்லை அவன் வாயில் வைத்துவிடுஞ் சபலம் அதிபராகிய எனக்குந் தெரிந்ததே. வேர்தம் விட்டுவிட்ட வரிகளிலோ, அப்பிள்ளைகள் தம் வீட்டிலும் தெருவிலும் பட்ட பாடு எழுதப்பட்டிருந்தது.