மண்ணெண்ணெயில் ஓடிய மெசின்

நீர்வேலியில் எங்கள் வீட்டுப் பின்வளவில், ஓலைக் கொட்டிலொன்றினுள், ஓர் உழவு இயந்திரம் பல வருடங்களாக அசையாது நின்றது. மசி பெர்கூசன் 35. ஐயா அதை 1973ஆம் ஆண்டில், யாரோ பாவித்த மெசினாகத்தான் வாங்கினார். அவர் காலமான பிறகு அதில் ஏறுவதற்கு வீட்டில் ஆளில்லை. கோழிகள் அதன் இருக்கையில் முட்டையிட்டன.

2022இல் நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றதே, அந்த நாள்களில் ஒரு காலை. எனக்குப் பின்னால் கலனோடு நின்ற தம்பி கேட்டார்: "மாஸ்ரர், தொண்ணூறிலை இஞ்சை டீசலே வரேல்லையாம். அப்ப மெசினுகள் எப்பிடி ஓடினது?"

"மண்ணெண்ணெயிலை" என்றேன்.

அவர் சிரித்தார். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்த பின்னும் அந்தச் சிரிப்பு மனத்தை விட்டு அகலவில்லை. அடுத்த மாதமே கொட்டிலின் ஓலையைப் பிரித்தேன். இன்றைய பேச்சு அந்தத் தம்பிக்கு நான் சொல்லும் பதில் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இயந்திரத்தின் பெயரிலுள்ள பெர்கூசன், 1884இல் வட அயர்லாந்தில் ஒரு கமக்காரக் குடும்பத்தில் பிறந்த ஹரி பெர்கூசன். அவருக்கு முன்னர் உழவு இயந்திரம் என்பது, மாட்டுக்குப் பதிலாகக் கலப்பையை இழுத்துச் செல்லும் ஒரு பாரிய வண்டிதான். கலப்பை கல்லில் மாட்டினால் முன்பக்கம் மேலெழுந்து, ஓட்டுபவர் மேலேயே குப்புற விழுவதும் உண்டு. பெர்கூசன் கலப்பையை மூன்று இடத்தில் இயந்திரத்தோடு பிணைத்தார். எண்ணெய் அமுக்கத்தால் அதைத் தூக்கவும் இறக்கவும் வழி செய்தார். அவரது சாம்பல் நிறச் சிறு மெசின், 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கொவன்றி நகரில் ஐந்து இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. 1953இல் அவரது நிறுவனம் கனடாவின் மசி ஹரிஸ் நிறுவனத்தோடு இணைந்தது. அந்த இணைப்புக்குப் பிறகு வந்ததுதான் 35.

கொவன்றியில் செய்த பொருள் எங்கள் செம்பாட்டு மண்ணுக்கு எப்படிப் பொருந்தியது? காணிகளைப் பாருங்கள். பதினாறு பரப்பு கொண்டது ஓர் ஏக்கர். எங்கள் தோட்டங்களோ நாலு பரப்பு, ஆறு பரப்பு. சுற்றிவரக் கதியால் வேலி, நடுவே கிணறு. கலப்பையை இழுத்துக்கொண்டு திரும்பும் பெரிய இயந்திரத்துக்கு அங்கே இடமில்லை. வேலியோரத்தில் கலப்பையைத் தூக்கி, நின்ற இடத்திலேயே வளைத்துத் திருப்பக்கூடிய ஒன்றுதான் வேண்டியிருந்தது.

வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது என்பதும் சரித்திரந்தான். 1970இல் வந்த சிறிமாவோ பண்டாரநாயக்கா அரசாங்கம் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. யாழ்ப்பாணத்து மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் அதுவரை காணாத விலை கிடைத்தது. துலா மிதித்த வீடுகளில் இறைப்பு இயந்திரம் வந்தது. மண்வெட்டியால் கொத்திய தோட்டங்களில் மெசின் இறங்கியது. எங்கள் 35ஐயும் கொண்டுவந்தது வெங்காயக் காசுதான். 1977இல் ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் அரசாங்கம் இறக்குமதியைத் திறந்துவிட்டபோது அந்த நல்ல காலம் முடிந்தது. மெசின் மட்டும் மிஞ்சியது.

பிறகு 1990 ஜூன். போர் மீண்டும் மூண்டது. பெற்றோல், டீசல், பற்றறி, உரம் எல்லாம் குடாநாட்டுக்குத் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. அப்பியாசக் கொப்பித் தாளில் பத்திரிகை அச்சான காலம் அது. வரையறுத்த அளவில் வந்த மண்ணெண்ணெய்தான் விளக்குக்கும் இறைப்புக்கும் வாகனத்துக்கும்.

பெற்றோல் எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடுமா? குளிர்ந்திருக்கும்போது அது பற்றாது. அதனால் சூப்பி என்று நாங்கள் சொன்ன சிறு பிளாஸ்ரிக் போத்தலால் காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் பீச்சி, எஞ்சினை இயக்கிச் சூடேற்றுவார்கள். சூடேறிய பின் மண்ணெண்ணெய் ஆவியாகி எரியும். ஒஸ்ரின், மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்கள் இதற்கு இணங்கின. காரணம், அவற்றின் எஞ்சின்களில் அமுக்கம் குறைவு. அமுக்கம் கூடிய புதிய எஞ்சின்களில் மண்ணெண்ணெய் முந்தி வெடித்துத் தட்டும். ஆகவே புதிய வாகனங்கள் கொட்டிலில் நிற்க, கிழட்டுக் கார்கள் தெருவில் ஓடின.

வேடிக்கை என்னவென்றால், இது உலகத்துக்குப் புதிதன்று. இங்கிலாந்தில் பெற்றோலுக்கு வரி அதிகம் என்பதால், மண்ணெண்ணெய் சார்ந்த மலிவான எரிபொருளில் ஓடும் மெசின்களை பெர்கூசன் நிறுவனமே 1949 முதல் விற்றது. பெற்றோலில் தொடங்கி, சூடேறியதும் மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்கென்று தனிச் சிறு தாங்கியே வைத்திருந்தார்கள். அங்கே வரிக்காகத் தொழிற்சாலை யோசித்ததை, இங்கே தடைக்காக ஒழுங்கைக் கராஜ்காரர் யோசித்தார்.

எங்களுடையது மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின். அதன் சங்கடம் வேறு. டீசல் எரிபொருள் மட்டுமன்று. எண்ணெயை அமுக்கிச் செலுத்தும் பம்பின் நுண்ணிய உறுப்புகளுக்கு வழுவழுப்பைக் கொடுப்பதும் அதுவே. மண்ணெண்ணெய் மெல்லியது, வெறுமனே விட்டால் பம்பை அராவிவிடும். அதனால் ஐயா எஞ்சின் ஒயில் கலந்தார். ஒயில் தீர்ந்தபோது தேங்காயெண்ணெய் கலந்தார். மெசின் ஒழுங்கையால் போனால் பலகாரம் சுடுகிற மணம் வரும். சிறுபிள்ளைகள் பின்னால் ஓடுவார்கள். பற்றறி இல்லாததால், வளவின் மூலையில் மண் குவித்து மேடாக்கி, இரவில் அதன்மேல் நிறுத்துவார். விடியற்காலையில் நாங்கள் நாலு பேர் தள்ளினால் சரிவில் உருண்டு இயங்கும்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, இந்த 35 தன் பெட்டியில் எங்கள் வீட்டாரையும் அயலிலுள்ள மூன்று வீட்டாரையும் ஏற்றிக்கொண்டு கைதடிப் பக்கம் போனது. மழை. சனநெரிசலில் மெசின் நடையிலும் மெதுவாகத்தான் ஊர்ந்தது. எஞ்சினை நிறுத்தினால் மறுபடி இயக்க மேடு இல்லை என்று ஐயா இரவு முழுதும் அதை நிறுத்தவேயில்லை. 1996இல் திரும்பி வந்தோம்; அதுவும் வந்தது.

இனித் திருத்திய கதை. சிரித்த தம்பியே உதவிக்கு வந்தார். வெளிநாட்டில் பழைய மெசின்களைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் இருந்ததுபோல் மினுக்கி வைத்திருக்கும் படங்களைக் கைப்பேசியில் காட்டினார். "மாஸ்ரர், ஒட்டினது கட்டினது எல்லாத்தையும் கழட்டி எறிவம். இப்பிடி வரும்."

ஒட்டினதும் கட்டினதும் ஏராளம். எண்ணெய் திரும்பும் குழாய் இருந்த இடத்தில் மஞ்சளாகி இறுகிப்போன சேலைன் குழாய். தாங்கியின் அடியில் ஈயம் வைத்து ஒட்டிய தகரம். பெட்டியின் அடிப்பலகை பனஞ்சலாகை. இவற்றைப் பார்க்க ஊரிலுள்ள வயதான கராஜ்காரரைக் கூட்டி வந்தோம். அவர் சேலைன் குழாயை விரலால் தடவிப் பார்த்தார். "இது என்ரை கைவேலை" என்றார். "ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டு வாங்கின குழாய். அங்கையும் அப்ப ஒண்டும் இல்லை."

தம்பி அதற்குப் பிறகு எறிவதைப் பற்றிப் பேசவில்லை.

ஆனாலும் பம்பைப் பிரித்தபோது மறுபக்கமும் தெரிந்தது. உள்ளே தேய்ந்து கீறல் விழுந்திருந்தது. ஐந்து வருட மண்ணெண்ணெயின் வேலை. அந்தக் காலத்தை நாங்கள் இன்று சாதனைக் கதையாகச் சொல்லிக்கொள்கிறோம். சாமர்த்தியம் இருந்தது உண்மை. அது விரும்பிக் காட்டிய சாமர்த்தியமன்று என்பதும் உண்மை. இரும்பே அவ்வளவு தேய்ந்தது என்றால், மனிதர் எவ்வளவு தேய்ந்திருப்பார்கள்? ஐயாவின் முதுகை அந்த மேட்டில் மெசின் தள்ளியவர்களுக்குத் தெரியும்.

ஆகவே ஒரு முடிவுக்கு வந்தோம். ஓடுவதற்கு வேண்டியதெல்லாம் புதிது: பம்பின் உறுப்புகள், குழாய்கள், ரயர், பற்றறி. தாங்கியின் தகர ஒட்டு ஒழுகவில்லை; அதை விட்டோம். பனஞ்சலாகையையும் விட்டோம். கழற்றிய ஒவ்வொன்றையும், யார், எப்போது, ஏன் பூட்டினார் என்று கராஜ்காரர் சொல்லச் சொல்ல, தம்பி ஒரு கொப்பியில் எழுதினார். நாற்பது பக்கக் கொப்பி நிரம்பிவிட்டது. சேலைன் குழாயும் கொப்பியோடு இருக்கிறது.

முதல் மழை ஈரத்தில் நாலு பரப்பை உழுதோம். வேலியோரத்தில் கலப்பை சத்தமின்றி மேலெழுந்தது. தம்பிதான் ஓட்டினார்.

நேயர்களே, உங்கள் வளவிலும் இப்படி ஒரு மெசினோ, இறைப்பு இயந்திரமோ, பழைய காரோ துருப்பிடித்து நிற்கக்கூடும். திருத்துங்கள், வர்ணமும் பூசுங்கள். பூசுவதற்கு முன்னர் ஒட்டுகளை ஒருமுறை பாருங்கள். அவற்றை ஒட்டியவர்கள் எங்கும் எழுதி வைக்கவில்லை. அவர்களுக்கும் வயது போகிறது. கேட்பதற்கு இன்னும் கொஞ்சக் காலந்தான் இருக்கிறது.