பிரபஞ்சத்துக்கு மூத்த கல்

அப்பாவைவிடப் பிள்ளைக்கு வயது அதிகம் என்று யாராவது சொன்னால் என்ன செய்வீர்கள்? சிரிப்பீர்கள். 1942-ல் விஞ்ஞானிகளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஹப்பிளின் கணக்குப்படி அன்று பிரபஞ்சத்தின் வயது சுமார் 200 கோடி ஆண்டுகள். இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் பேனத் என்ற வேதியியல் பேராசிரியர் இரும்பு விண்கற்களுக்குக் கணக்கிட்ட வயதோ, அதிகபட்சம் 700 கோடி!

ஃப்ரெடரிக் பேனத் லேசுப்பட்ட ஆளில்லை. 1887-ல் வியன்னாவில் பிறந்தவர். யூத வம்சாவளி. 1933-ல் ஹிட்லர் பதவிக்கு வந்தபோது இங்கிலாந்தில் இருந்தார், ஜெர்மனிக்குத் திரும்பவில்லை. வேலை போச்சு, வீடு போச்சு. விண்கல்லை மட்டும் விடவில்லை.

அவருடைய முறை எளிமையானது. கல்லுக்குள் துளியூண்டு யுரேனியமும் தோரியமும் இருக்கும். அவை சிதையச் சிதைய ஹீலியம் வாயு பிறந்து உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். அதை அளந்தால் வயது தெரிந்துவிடும். ஒரு கன சென்டிமீட்டரில் கோடியில் ஒரு பங்கைவிடக் குறைவான ஹீலியத்தைக்கூட அளந்துவிடுவார் மனிதர். அளவில் தப்பில்லை. பின்னே எங்கே உதைத்தது?

1947-ல் அமெரிக்காவில் கார்ல் பாவர் என்பவர் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். விண்வெளியெங்கும் காஸ்மிக் கதிர்கள் அசுர வேகத்தில் பாய்கின்றன. அவை இரும்பு அணுக்களை மோதி உடைத்தால், சிதறும் துண்டுகளில் ஹீலியமும் இருக்குமே? சரிதான் என்றால் பேனத்தின் இருபது வருட உழைப்பு கோவிந்தா!

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? பேனத் தானே சோதிக்க இறங்கினார். யுரேனியத்திலிருந்து வருவது ஹீலியம்-4 மட்டுமே. அணு உடைந்தால் ஹீலியம்-3-ம் சேர்ந்து வரும். நம் காற்றில் இருக்கும் ஹீலியத்தில் இந்த 3-ம் நம்பர் பத்து லட்சத்தில் ஒன்றிரண்டுதான். 1952-ல் பேனத் குழுவினர் விண்கல்லின் ஹீலியத்தைப் பிரித்துப் பார்த்தால்... கிட்டத்தட்ட கால் பங்கு ஹீலியம்-3! ஆக, உள்ளே இருந்ததில் பெரும்பகுதி காஸ்மிக் கதிரின் உபயம். தன் பழைய கணக்கு தப்பு என்று தானே நிரூபித்து வெளியிட்டார் பேனத்.

ஒரு கடிகாரம் உடைந்தது. அதற்குள்ளிருந்து இன்னொன்று கிடைத்தது!

காஸ்மிக் கதிர் கல்லுக்குள் ஒன்றிரண்டு மீட்டர்தான் ஊடுருவும். பெரிய தாய்ப் பாறைக்குள் புதைந்திருக்கும் வரை கல்லுக்குப் பாதுகாப்பு. ஏதோ ஒரு மோதலில் உடைந்து வெளியே வந்த நாளிலிருந்துதான் கதிர் படும், ஹீலியம்-3 சேரும். கோயில் உண்டியல் மாதிரி. தினசரி வசூல் எவ்வளவு, உள்ளே மொத்தம் எவ்வளவு என்று தெரிந்தால், உண்டியல் வைத்து எத்தனை நாளாச்சு என்று சொல்லிவிடலாம் இல்லையா?

தினசரி வசூலைக் காட்டிக்கொடுத்தது டிரிடியம். அதுவும் காஸ்மிக் கதிரால் பிறப்பதுதான். சுமார் 12 ஆண்டுகளில் பாதி அழிந்துவிடும். அதனால் புதிதாக விழுந்த கல் வேண்டும். 1948-ல் அமெரிக்காவின் கன்சாஸ், நெப்ராஸ்கா எல்லையில் விழுந்த நார்ட்டன் கவுன்டி விண்கல் கைகொடுத்தது. பெகமன், கைஸ், ஹெஸ் மூவரும் 1957-ல் கணக்குப் போட்டார்கள். அந்தக் கல் விண்வெளியில் தனியாகத் திரிந்தது 10 கோடி ஆண்டுகளுக்கும் மேல்!

இன்று நியான், அலுமினியம்-26 என்று பல உண்டியல்களை எண்ணுகிறார்கள். பெரும்பாலான விண்கற்கள் பிறந்து 450 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆனாலும், அம்மா வீட்டை விட்டுக் கிளம்பியது சமீபத்தில்தான். ஒரு வகைக் கற்களில் ஏராளமானவை 70, 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கிளம்பியவை. அப்போது எங்கோ ஒரு பெரிய பாறை நொறுங்கியிருக்க வேண்டும். இரும்புக் கற்கள் கெட்டி. பல கோடிக்கணக்கான ஆண்டுகள் தாங்குகின்றன.

ஹப்பிளின் 200 கோடியும் பிறகு தப்பாகிப் போய், இப்போது 1,380 கோடி என்கிறார்கள். அப்பா அப்பாவானார், பிள்ளை பிள்ளையானது!

பேனத் 1953-ல் ஜெர்மனிக்குத் திரும்பி, மைன்ஸ் நகரில் மாக்ஸ் பிளாங்க் வேதியியல் நிறுவனத்தின் இயக்குநரானார். 1958-ல் காலமானார். 1967-ல் ஓர் இரும்பு விண்கல்லுக்குள் புதிய தாது ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு வைத்த பெயர், பேனத்தைட்.