களிமண்ணுள் உறையும் அலுமினா

குயவன் திரிகையிற் சுழலும் களிமண்ணுள்ளும், வானவூர்திக்கு உடலாகும் அலுமினியம் உறைகின்றது. தூய வெண்களியில் அலுமினாவின் பங்கு நூற்றுக்கு ஏறத்தாழ 39 ஆகும். அதனைப் பிரித்தெடுக்க முயன்ற வரலாறு, அறிவுக்கும் செலவுக்கும் இடையே நிகழ்ந்த நெடும் போராட்டத்தின் வரலாறு எனலாம்.

1754 இல் பேர்லின் நகர இரசாயன அறிஞர் மார்க்கிராவ், களிமண்ணைச் சல்பூரிக்கமிலத்திற் கொதிக்கவைத்து, கரைசலுடன் காரஞ் சேர்த்து வெண்ணிறப் பொருளொன்றைப் பெற்றார். படிகாரத்தில் உள்ளதும் அதுவே என்றும், அது சுண்ணாம்பின் வேறானது என்றும் நிறுவினார். இவ்வாறு அமில வழி முதலிலேயே அறியப்பட்டது. ஆயினும் தொழிலுலகை ஆண்டது பிறிதொரு வழியாம்.

1821 இல் பிரான்சு நாட்டின் லே போ என்னும் ஊரருகே பேர்த்தியே கண்ட பொட்சைற்று என்னும் தாது, அலுமினா மிக்கது; சிலிக்கா குறைந்தது. 1888 அளவில் பேயர், அதனை எரிசோடாக் கரைசலாற் பிரிக்கும் முறையை வகுத்தார். களிமண்ணுக்கோ அம்முறை பொருந்தாது. அதிலுள்ள மிகுதியான சிலிக்கா காரத்திற் கரைந்து, பின்னர் சோடாவையும் அலுமினாவையும் பற்றிக்கொண்டு வீழ்படிவாகும். அமிலமோ சிலிக்காவைக் கரையாது ஒதுக்கிவிடும். எனினும் இரும்பையும் உடன் கரைக்கும், கலங்களையும் அரிக்கும். இவ்விரு குறைகளுமே அமில வழிக்குத் தடையாயின.

இரண்டாம் உலகப் போரில் நிலைமை மாறிற்று. 1942 இல் கயானா நாடுகளிலிருந்து பொட்சைற்று ஏற்றிவந்த கப்பல்களை ஜேர்மனிய நீர்மூழ்கிகள் மூழ்கடித்தன. ஐக்கிய அமெரிக்கா தன் மண்ணையே நோக்கலாயிற்று. களிமண்ணிலிருந்து அலுமினா பெறுதற்பொருட்டு ஒரிகன் மாநிலச் சேலம் நகரில் ஆலையொன்று எழுந்தது. போர் ஓய்ந்து கடல்வழி திறந்தபின் அவ்வார்வமும் தணிந்தது.

1973 இல் அமெரிக்கச் சுரங்கப் பணியகம் மீண்டும் இவ்வாய்வை மேற்கொண்டது. மறு ஆண்டில் யமேக்கா பொட்சைற்றின்மீது புது வரி விதித்தமை அதன் தேவையை வலியுறுத்திற்று. வெண்களியைச் சுட்டு, ஐதரோக்குளோரிக்கமிலத்திற் கரைத்து, வடித்த கரைசலுள் அவ்வமில வாயுவைச் செலுத்தினால் அலுமினியங் குளோரைட்டு பளிங்காகும். இரும்பு கரைசலிலேயே தங்கும். பளிங்கைச் சுட அலுமினா எஞ்சும், அமிலமும் மீளும். பழைய இடர் இவ்வாறு நீங்கிற்று. செலவு மட்டும் நீங்கவில்லை.

இன்றும் உலகின் அலுமினாவிற் பெரும்பகுதி பொட்சைற்றிலிருந்தே கிடைக்கின்றது. எனினும் அமில ஆய்வு வீணாயிற்றென்றல் பொருந்தாது. தாது வரும் வழி அடைபடுங்கால் கையிலுள்ள மண்ணைப் பயன்கொள்ளும் அறிவு, ஒரு நாட்டுக்குச் சேமநிதியே யாகும்.