புகார் வந்த பிறகும் பொறுப்பில் இருந்தவர்

ராணுவப் பயிற்சியில் அடி விழுந்தால் அதற்குக் 'கண்டிப்பு' என்று பெயர். இந்தச் சொல் எதையெல்லாம் மூடி மறைக்கும் என்பதை அமெரிக்காவின் பாரிஸ் தீவு வரலாற்றில் பார்க்கலாம். தென் கரோலினாவில் உள்ள இந்தத் தீவு, மரைன் படையில் புதிதாகச் சேர்பவர்களுக்கான பயிற்சி முகாம்.

1956 ஏப்ரல் 8 இரவு, மேத்யூ மெக்கியோன் என்ற பயிற்சியாளர், ஒழுங்கு கற்பிக்கிறேன் என்று தன் பிரிவு இளைஞர்களை ரிப்பன் கிரீக் என்ற சதுப்பு ஓடைக்குள் நடத்திச் சென்றார். ஆறு பேர் மூழ்கி இறந்தார்கள். கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக ராணுவ நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒன்பது மாதத் தண்டனையைக் கடற்படைச் செயலாளர் மூன்று மாதமாகக் குறைத்தார். பதவி இறக்கப்பட்டாலும் மெக்கியோன் படையிலேயே நீடித்தார். நாடே கொந்தளித்ததால் பயிற்சியைக் கண்காணிக்க அதிகாரிகள் கூடுதலாக நியமிக்கப்பட்டார்கள். ஆனால் கண்காணித்தவர்களும் அதே படையின் அதிகாரிகள்தான்.

அறுபது ஆண்டுகள் கழித்து, 2016 மார்ச் 18 அன்று அதே தீவில் ரஹீல் சித்திக்கி இறந்தார். பாகிஸ்தானிய வம்சாவளியைச் சேர்ந்த முஸ்லிம் இளைஞர்; வயது 20. தொண்டை வலி, மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டவரை, ஜோசப் ஃபெலிக்ஸ் என்ற பயிற்சியாளர் முன்னும் பின்னும் ஓட வைத்தார். கீழே விழுந்தவரைக் கன்னத்தில் அறைந்தார். சிறிது நேரத்தில் சித்திக்கி மாடியிலிருந்து விழுந்து இறந்தார். தற்கொலை என்றது அதிகாரபூர்வ முடிவு. குடும்பம் அதை ஏற்கவில்லை.

நாம் கவனிக்க வேண்டியது இதற்கு முந்தைய கதையை. 2015இல் இதே ஃபெலிக்ஸ் மற்றொரு முஸ்லிம் இளைஞரைத் துணி உலர்த்தும் இயந்திரத்துக்குள் போகச் சொல்லி, இயந்திரத்தை ஓடவிட்டு, 'நீ இன்னும் முஸ்லிம்தானா' என்று கேட்டிருக்கிறார். அது குறித்த விசாரணை நிலுவையில் இருந்தபோதே, புதிதாக வந்த சித்திக்கியின் பிரிவு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. விதிகளுக்கு அங்கே பஞ்சமில்லை. புகாருக்கு உள்ளானவரை அதிகாரத்திலிருந்து விலக்கி வைக்க மட்டும் யாரும் முன்வரவில்லை.

2017இல் ஃபெலிக்ஸுக்குப் பத்தாண்டு சிறை. அவரைப் பொறுப்பில் விட்டுவைத்த பட்டாலியன் தளபதிமீதும் ராணுவ வழக்கு தொடரப்பட்டது. ஆனால் இழப்பீடு கேட்டு சித்திக்கி குடும்பம் போட்ட வழக்கை நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பணியில் நேரும் பாதிப்புக்காக ராணுவத்தினர் அரசின்மீது வழக்குத் தொடர முடியாது என்ற 1950ஆம் ஆண்டு ஃபெரெஸ் தீர்ப்பு குறுக்கே நின்றது.

தோழர்களே, இது நமக்குத் தெரியாத கதை அல்ல. விடுதியிலும் காவலர் பயிற்சியிலும் ஆய்வுக்கூடத்திலும் புகார் கொடுத்தவர், மறுநாளும் அதே ஆளின் முன்னால்தான் கைகட்டி நிற்க வேண்டியிருக்கிறது. இது தெரிந்துதான் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியரையும் குற்றவாளி ஆக்குகிறது. நம்மில் எத்தனை பேர் அந்தப் பிரிவைப் பயன்படுத்தச் சொல்லி மனு எழுதியிருக்கிறோம்?

அடுத்த முறை ஒரு புகாரோடு நிற்கும்போது, அடித்தவருக்கு என்ன தண்டனை என்று மட்டும் கேட்டு நின்றுவிட வேண்டாம். இன்று அவர் யாருக்குப் பொறுப்பாளராக இருக்கிறார், விசாரிப்பவர் யாருக்குக் கீழே வேலை செய்கிறார், தெரிந்தும் விட்டுவைத்தவர் யார் என்று கேட்போம். முதல் கேள்வியை 2015இலேயே யாராவது உரக்கக் கேட்டிருந்தால், ஃபெலிக்ஸின் முன்னால் சித்திக்கி நின்றிருக்க மாட்டார்.