மாணிக்கமும் பவளமும்: லீலாதிலகம் காட்டும் இருநெறிகள்

மொழி வரலாற்றில் தூய்மையும் கலப்பும் ஒன்றையொன்று மறுக்கும் நெறிகளாகவே பெரும்பாலும் கருதப்பட்டு வந்துள்ளன. ஒன்று வளர்ந்தால் மற்றொன்று தேயும் என்னும் கருத்து இலக்கிய வரலாற்று நூல்களிலும் மொழிபெயர்ப்பாளரிடையேயும் வேரூன்றியுள்ளது. மலையாள இலக்கியத்தின் தொடக்கக் காலம் இக்கருத்தை மறுஆய்வுக்கு உட்படுத்துகிறது. அங்கே தமிழ் ஒலிமரபைப் பேணிய பாட்டும், வடமொழியை அதன் வேற்றுமை உருபுகளோடு ஏற்ற மணிப்பிரவாளமும் ஒரே நிலத்தில் ஒருங்கே வளர்ந்தன. இவ்விரண்டின் உறவை, அவற்றை ஒரே நூலில் வைத்து வரையறுத்த லீலாதிலகத்தின் வழி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

லீலாதிலகத்தின் அமைப்பு

லீலாதிலகம் 14ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டித் தோன்றியதாகக் கொள்ளப்படுகிறது. ஆசிரியர் பெயர் தெரியவில்லை. சில்பம் எனப்படும் எட்டு இயல்களும் 151 சூத்திரங்களும் உடைய இந்நூல் இலக்கணம், குற்றம், குணம், அணி, சுவை ஆகியவற்றை முறையே விளக்குகிறது. சூத்திரங்களும் உரையும் வடமொழியில் உள்ளன. எடுத்துக்காட்டுகளோ மணிப்பிரவாளச் செய்யுட்கள். கேரள மொழிக்கு இலக்கணம் கூற வந்த நூல் வேறொரு மொழியில் அமைந்தது முரண்போலத் தோன்றலாம். ஆயினும் கேரள மொழி பாண்டிய, சோழ நாட்டு மொழியினின்று ஒலியிலும் சொல்வடிவிலும் வேறுபட்டது என்று தெளிவாக வாதிடும் நூலும் இதுவே. கேரள மொழியின் தனித்தன்மை வடமொழியின் வாயிலாக நிலைநாட்டப்பட்டது என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

பாட்டும் மணிப்பிரவாளமும்

பாட்டு என்பதற்கு இந்நூல் கூறும் இலக்கணம் திட்டவட்டமானது. தமிழ் நெடுங்கணக்கிலுள்ள எழுத்துகளால் மட்டுமே அஃது அமைதல் வேண்டும். எதுகையும் மோனையும் பெறுதல் வேண்டும். தனக்குரிய யாப்பில் நடத்தல் வேண்டும். இராமாயணத்தின் யுத்த காண்டத்தைப் பொருளாகக் கொண்ட இராமசரிதம் இம்மரபின் தலைசிறந்த சான்றாகும். மணிப்பிரவாளம் என்பது கேரள மொழியும், வடமொழி உருபேற்ற வடசொற்களும் இயைந்த நடை. அது பெரும்பாலும் வடமொழி யாப்பில் நடப்பது. வைசிகதந்திரம், உண்ணியச்சி சரிதம், உண்ணுநீலி சந்தேசம் முதலியன இவ்வகையின.

மேலோட்டமாக நோக்கின் இவை முற்றிலும் எதிரானவை. ஆயின் வரையறைகளை நுணுகி நோக்கினால் ஒவ்வொன்றும் மற்றொன்றைத் தன்னுள் கொண்டிருப்பது புலனாகும். பாட்டு வடசொல்லை விலக்கவில்லை. அது தமிழ் ஒலி பெற்று வருதல் வேண்டும் என்றே கூறுகிறது. இராமகாதையைப் பாடும் நூலில் வடசொல் இல்லாதிருத்தல் இயலாது. எனவே பாட்டின் தூய்மை சொல்லின் பிறப்பைப் பற்றியது அன்று. ஒலியின் ஒழுங்கைப் பற்றியது.

மணிப்பிரவாளமும் வடமொழிக்கு முதன்மை தரவில்லை. லீலாதிலகம் மணிப்பிரவாளத்தைத் தர அடிப்படையில் பகுக்கும்போது, கேரள மொழியும் சுவையும் மேலோங்கி நிற்பதையே உத்தமம் என்கிறது. வடமொழி மிகுதியும் சுவைக் குறைவும் தரத்தைத் தாழ்த்துகின்றன. கலப்பு நடைக்கு இலக்கணம் வகுத்த நூலே நாட்டுமொழியின் மேன்மையை அளவுகோலாக வைத்தது என்பது மொழி வரலாற்றாசிரியர் பலரும் போதிய அளவு கருத்திற் கொள்ளாத செய்தியாகும்.

முத்தா, மாணிக்கமா?

மணிப்பிரவாளம் என்னும் சொல்லே ஒரு சான்று. தமிழில் வீரசோழியம் 11ஆம் நூற்றாண்டிலேயே வடவெழுத்துக் கலப்பை விரவியல் என்றும், வடசொற் கலப்பை மணிப்பிரவாளம் என்றும் வேறுபடுத்தியது. பின்னர் வைணவ உரையாசிரியர்கள் இந்நடையை உரைநடையில் வளர்த்தனர். தமிழ் வழக்கில் இப்பெயர் முத்தும் பவளமும் கோத்த மாலை எனப் பொதுவாக விளக்கப்படுகிறது. வெண்மையும் செம்மையும் மாறி மாறித் தோன்றும் வேறுபாட்டின் அழகே அங்குக் குறிக்கப்படுகிறது.

லீலாதிலகம் வேறு விளக்கம் தருகிறது. மணி என்பது ஈண்டு மாணிக்கம். மாணிக்கமும் செந்நிறம், பவளமும் செந்நிறம். இரண்டையும் ஒரே இழையில் கோத்தால் வேறுபாடு கண்ணுக்குப் புலப்படாது. அதுபோல இருமொழிச் சொற்களும் வேற்றுமை தோன்றாமல் இயைதல் வேண்டும் என்பது அதன் கொள்கை. சொற்கள் தத்தம் இயல்பை இழக்கவில்லை. மாணிக்கம் மாணிக்கமாகவே உள்ளது. பவளம் பவளமாகவே உள்ளது. ஆயினும் கேட்போர் செவியில் அவை ஒரே தொடராகின்றன. கலப்பு என்பது வேற்றுமையைக் காட்டுவதா, மறைப்பதா என்னும் வினாவுக்கு ஒரே பெயர் இரு மரபுகளில் இரு விடைகளைத் தந்துள்ளது.

அரங்கில் இருமொழி

இவ்வியைபு ஏட்டளவில் நின்றதன்று. கேரளத்தின் கூடியாட்டத்தில் தலைமகன் வடமொழிச் சுலோகத்தை உரைப்பான். விதூடகன் அதன் பொருளை நாட்டுமொழியில் அவையோர்க்கு விளக்குவான். அத்துடன் அச்சுலோகத்தின் அமைப்பிலேயே நகைச்சுவை மிக்க எதிர்ச்சுலோகம் ஒன்றையும் கூறுவான். தலைமகன் காதலின் துயரைப் பாடினால் விதூடகன் தன் வயிற்றின் துயரைப் பாடுவான். வீறும் எள்ளலும், மூலமும் பெயர்ப்பும் ஒரே மேடையில் நிற்கின்றன. விதூடகன் இன்றி வடமொழி அவையோர் பலர்க்குப் புரியாது. சுலோகம் இன்றி அவனது எள்ளலுக்கு இலக்கு இராது. மொழிபெயர்ப்பாளன் மூலத்தின் பணியாளனாக மட்டுமன்றி அதன் எதிர்க்குரலாகவும் நின்ற அரிய மரபு இது.

இணைவின் விளைவு

14, 15ஆம் நூற்றாண்டுகளில் நிரணம் கவிஞர்கள் பாட்டு மரபின் எழுத்துக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினர். 16ஆம் நூற்றாண்டில் எழுத்தச்சன் தம் கிளிப்பாட்டு நூல்களில் திராவிட யாப்பையும் வடசொல் வளத்தையும் ஒன்றாக்கினார். பாட்டிலிருந்து யாப்பும் இசையும் வந்தன. மணிப்பிரவாளத்திலிருந்து சொல்வளம் வந்தது. வடமொழி உருபுகளின் ஆட்சி பெரிதும் குறைந்தது. எழுத்திலும் இதே நிலை காணப்படுகிறது. கிரந்தத்தின் வழிவந்த இன்றைய மலையாள எழுத்தில் வடமொழி ஒலிகள் அனைத்திற்கும் இடம் உண்டு. ழகரமும் றகரமும் அதில் அமர்ந்துள்ளன.

பாட்டைத் தமிழின் கிளை என ஒதுக்குவோர்க்கு மலையாளத்தின் யாப்பு மரபு விளங்காது. மணிப்பிரவாளத்தை அயல் ஆதிக்கம் என ஒதுக்குவோர்க்கு அதன் சொல்வளம் விளங்காது. எதனை விலக்கினும் எழுத்தச்சனுக்கு முன்வரலாறு இல்லாமற் போய்விடும்.

மொழிபெயர்ப்பாளர் கருத வேண்டியவை

தமிழுக்கும் மலையாளத்திற்கும் இடையே பணிபுரிவோர்க்கு இவ்வரலாறு நடைமுறைப் பயன் உடையது. மலையாளத்தின் வடசொல்லை அயற்சொல் எனக் கருதி ஒவ்வொன்றையும் தனித்தமிழாக்கினால் மூலத்தின் இயல்பான பேச்சு தமிழில் செயற்கை நடையாகிவிடும். அச்சொற்களை அப்படியே விட்டுவைத்தாலோ பொருள் பிறழும். மலையாளத்தில் அவசரம் என்பது வாய்ப்பு. சம்சாரம் என்பது பேச்சு. உபன்யாசம் என்பது கட்டுரை. திராவிடச் சொற்களும் விதிவிலக்கல்ல. வெள்ளம் என்பது அங்கே குடிக்கும் நீரையும் குறிக்கும். பட்டி என்பது நாயைக் குறிக்கும். இரு ஊற்றுகளிலிருந்தும் வந்த சொற்கள் ஒருபோல நெருங்கியும் விலகியும் நிற்கின்றன. ஆகவே சொல்லின் பிறப்பு மொழிபெயர்ப்புக்கு அளவுகோல் ஆகாது. மூலத்தொடரில் அஃது உறுத்துகிறதா, இயைகிறதா என்பதே அளவுகோல்.

தூய்மைக்கும் கலப்புக்கும் ஒரே நூலில் இலக்கணம் கூறிய லீலாதிலக ஆசிரியர், ஒன்றைக் காக்க மற்றொன்றை அழிக்க வேண்டும் என்று கருதவில்லை. இரண்டிற்கும் தனித்தனி ஒழுங்கு உண்டு என்பதையும், ஒழுங்கற்ற கலப்பு எவ்வாறு குற்றமாகும் என்பதையும் வரையறுத்தார். மொழிக் கலப்பை ஆராய்வோர் எது வந்தது என்று வினவுவதோடு எவ்வாறு இயைந்தது என்றும் வினவுதல் வேண்டும் என்பதே இந்நூல் தரும் பாடமாகும்.