நெட்வொர்க்மேனேஜர்

நெட்வொர்க்மேனேஜர் என்பது லினக்சு இயங்குதளத்தில் கணினியின் வலையமைப்பு இணைப்புகளைக் கண்டறிந்து மேலாண்மை செய்யும் கட்டற்ற மென்பொருள் ஆகும். ஈதர்நெட், வை-ஃபை, செல்பேசி அகலப்பட்டை, மெய்நிகர் தனியார் வலையமைப்பு ஆகியவை ஒரே நேரத்தில் இயங்கும்போது, இணையத்துக்கான தரவு எவ்வழியே செல்லவேண்டும் என்பதை ஒழுங்குபடுத்துவது இதன் முதன்மையான பணிகளுள் ஒன்று. பெடோரா, உபுண்டு, டெபியன் முதலிய வழங்கல்களின் மேசைக்கணினிச் சூழல்களில் இது பரவலாகப் பயன்படுகிறது.

வரலாறு

தொடக்கத்தில் லினக்சு பயனர்கள் அமைவுக் கோப்புகளைக் கையால் திருத்தியே இணைப்புகளை ஏற்படுத்தினர். மடிக்கணினிகளும் வை-ஃபையும் பரவியபோது இம்முறை போதாமற் போயிற்று. இதை எளிதாக்கும் நோக்குடன் ரெட் ஹாட் நிறுவனம் 2004 இல் இத்திட்டத்தைத் தொடங்கியது. 0.6 பதிப்பு வரை ஒரு நேரத்தில் ஒரு கருவி மட்டுமே இணைப்பில் இருக்க முடிந்தது. 2008 இல் வெளியான 0.7 பதிப்பு பல கருவிகள் ஒருங்கே இயங்க இடமளித்தது. 1.0 பதிப்பு 2014 இல் வெளியானது.

செயற்படும் முறை

இது பின்னணியில் ஒரு சேவையாக இயங்குகிறது. குநோம், கேடிஈ ஆகியவற்றின் பலகத்தில் தோன்றும் சிறு படவுருவும், என்எம்சிஎல்ஐ என்னும் கட்டளைக் கருவியும் டி-பஸ் வழியாக இச்சேவையுடன் உரையாடுகின்றன. ஆயினும் தரவுப் பொதிகளை அனுப்புவது லினக்சு கருனியே. நெட்வொர்க்மேனேஜர் கருனியின் வழியமைவு அட்டவணையில் பதிவுகளை இடுவதோடு நின்றுவிடுகிறது.

பல இணைப்புகளும் முன்னுரிமையும்

ஒரு பொதியின் சேருமிடத்துக்கு மிகக் குறிப்பாகப் பொருந்தும் பதிவையே கருனி முதலில் தேர்கிறது. தனிப் பதிவு இல்லாத முகவரிகள் யாவும் இயல்புநிலை வழியில் செல்லும். இத்தகைய வழிகள் பல இருப்பின், மெட்ரிக் எனப்படும் எண் குறைவாக உள்ள வழி தேர்ந்தெடுக்கப்படும். நெட்வொர்க்மேனேஜர் இயல்பாக வழங்கும் எண்கள் சில:

* மெய்நிகர் தனியார் வலையமைப்பு: 50
* ஈதர்நெட்: 100
* வை-ஃபை: 600
* செல்பேசி அகலப்பட்டை: 700

எனவே கம்பியும் வை-ஃபையும் சேர்ந்திருந்தால் இணையப் போக்குவரத்து கம்பி வழியே செல்லும். வை-ஃபை இணைப்பு துண்டிக்கப்படாமல் காத்திருக்கும். ஒரே வகைக் கருவிகள் இரண்டு இருந்தால் பின்னதற்கு 101 என்றவாறு அடுத்த எண் கிடைக்கும்.

நடைமுறைச் சிக்கல்

ஒரு மாணவர் இணைய வசதியற்ற ஆய்வக வலையமைப்புடன் கம்பி மூலமும், இணையத்துடன் வை-ஃபை மூலமும் இணைந்திருப்பதாகக் கொள்வோம். ஆய்வக வலையமைப்பு தன் நுழைவாயில் முகவரியையும் வழங்கினால், கம்பியின் எண் குறைவு என்பதால் இணையத்துக்கான பொதிகள் அனைத்தும் அங்கே சென்று முடங்கும். வை-ஃபை நன்றாக இயங்கியும் வலைப்பக்கங்கள் திறவா. கம்பியைக் கழற்றினால் இணையம் வரும், ஆனால் ஆய்வகக் கணினிகளை அடைய முடியாது.

இதற்குத் தீர்வு, கம்பி இணைப்பின் ஐ.பி. அமைப்புகளில் "இவ்விணைப்பை அதன் வலையமைப்பிலுள்ள வளங்களுக்கு மட்டும் பயன்படுத்துக" என்னும் பொருளுடைய தெரிவை இயக்குவதாகும். அதன்பின் அவ்விணைப்பு இயல்புநிலை வழியாகத் தேர்ந்தெடுக்கப்படாது. ஆய்வகத்தில் வேறு உட்பிணையங்கள் இருப்பின் அவற்றுக்கான வழிகளைத் தனியே சேர்க்கவேண்டும். மெட்ரிக் எண்ணைக் கையால் மாற்றுவது மற்றொரு முறை. இணைய அணுக்கச் சோதனை இயக்கப்பட்டிருந்தால், சோதனையில் தவறும் இணைப்பின் எண்ணுடன் 20000 கூட்டப்பட்டு, மற்ற வழி தானாகவே முன்னுக்கு வரும்.

வேகம்

இரண்டு இணைப்புகள் இயங்குவதால் மட்டும் பதிவிறக்க வேகம் இருமடங்காகாது. இயல்புநிலை வழிகளுள் ஒன்றே ஒரு நேரத்தில் பயன்படுகிறது. இணைப்புகளைப் பிணைக்கும் பாண்டிங் முறையிலும் ஒரு தனிப் பதிவிறக்கம் பெரும்பாலும் ஒரே கம்பியில்தான் செல்லும். ஒரே தொடர்பைப் பல வழிகளில் பகிரும் பல்வழி டிசிபி நெறிமுறை 2020 இல் வெளியான 5.6 கருனியில் சேர்க்கப்பட்டது. எனினும் தொடர்பின் இரு முனைகளும் அதை ஆதரித்தால் மட்டுமே அது பயன்தரும்.